இருபத்தெட்டாம் வாரத்துக்குப் பிறகு

நர்சம்மா எழுதிவிட்டுப் போன பிறகும் கர்ப்பிணி அட்டையில் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.

பாண்டீஸ்வரி அட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். இருபத்தொன்பதாவது வாரத்துக்கான வரி பளிச்சென்று வெள்ளையாய்க் கிடந்தது. பேனா தாளில் ஓடிய சத்தத்தை அவள் காதால் கேட்டு முழுசாய்ப் பத்து நிமிஷம் ஆகவில்லை. மை தீர்ந்துபோன பேனாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அட்டையைப் பிளாஸ்டிக் உறைக்குள் செருகப் போனாள். உள்ளே இன்னொன்று விரலில் தட்டுப்பட்டது. ஓரம் மடங்கிய பழைய அட்டை. இரண்டு வருஷத்துக்கு முந்தைய பிள்ளையின் அட்டை. அதில், இருபத்தெட்டாவது வாரத்துக்குக் கீழே, இரண்டு வருஷமாய் வெறுமையாய்க் கிடந்த வரியில் நீல மை இன்னும் காயாமல் மினுங்கியது. இருபத்தொன்பது. துடிப்பு நன்று.

இரண்டையும் ஒரே உறையில் வைத்திருந்தது அவள் தப்புதான். "பழசக் கிழிச்சுப் போடுடி, கண்ணுல படப்பட மனசுதேன் கெடும்" என்று அம்மா கருப்பி எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. அவளுக்கு மனசு வரவில்லை. அந்தப் பிள்ளை இருந்தது என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி இருக்கிறது? போட்டோ இல்லை. பேர் வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தடவை துணியை விலக்கிக் காட்டினார்கள். இடது காது மடலில் அரிசி நுனியளவு ஒரு பிளவு. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். கண்மாய்க்கரையில் புதைத்துவிட்டு வந்த அவள் புருஷன் தேவாவின் நகக்கண்ணில் செம்மண் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். அவளை அங்கே கூட்டிப்போகவில்லை. மீனு என்று அவளாக மனசுக்குள் ஒரு பேர் வைத்துக்கொண்டாள். அதைக் கட்டினவனிடம்கூடச் சொன்னதில்லை.

அந்தப் பிள்ளை போனது யார் தப்பு என்று கேட்டால், யார் தப்பும் இல்லை என்பார்கள். புதுவயல் பக்கத்தில் புகுந்த வீடு. தேவா அரிசி ஆலை லாரி ஓட்டுகிறவன். ஏழாம் மாதம் வளையல் போட்டு, ஊர் வழக்கப்படி அம்மா வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். அங்கே இருந்த நர்சு, இவள் தாய்வீடு போய்விட்டாள் என்று தன் கணக்கை முடித்துக்கொண்டார். இங்கே இருந்த நர்சுக்கு இப்படி ஒருத்தி வந்திருப்பதே தெரியாது. நடுவில் நாலு வாரம். அவள் எந்த ஊர்க் கர்ப்பிணியும் இல்லை. கால் வீங்கியது. மாசமாய் இருந்தால் வீங்கத்தான் செய்யும் என்றார்கள். தலை வலித்தது. வெயில் என்றார்கள். முப்பத்திரண்டாவது வாரம் வயிறு அசையாமல் நின்றது. வாயும் வயிறுமாய் இருக்கிற ஒருத்தியை இரண்டு ஊரும் சேர்ந்து தொலைத்துவிட்டு, விதி என்று சொல்லிவிட்டன.

சூடு கண்ட பூனை அல்லவா, இந்தத் தடவை அவள் கிளம்புவதற்கு முன்பே புகுந்த ஊர் நர்சைப் பிடித்துக் கெஞ்சினாள். "நீ கவலைப்படாத. அங்குட்டு நர்சுகிட்ட நானே போன் பண்ணிச் சொல்லிர்றேன். ஒங்க வீட்டுக்கே வந்து பாப்பாக" என்று அவர் சத்தியம் செய்யாத குறையாய்ச் சொல்லி அனுப்பினார்.

சொன்னபடியே வந்தும்விட்டார்கள். செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்று மணி. வெளுத்துப்போன நீலச் சேலை, முகத்தில் மாஸ்க். பெரிதாய்ப் பேசவில்லை. அடுத்த வாரம் வரும்போது சரியான அட்டையில் எழுதச் சொல்ல வேண்டும் என்று பாண்டீஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

பள்ளத்தூரிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம் போனால் அம்மாவின் ஊர். சென்னைக்குப் போய்விட்ட ஒரு செட்டியார் வீட்டு ஆச்சியின் பெரிய வீட்டைக் கருப்பி பார்த்துக்கொள்கிறாள். முன்பக்கத்து முகப்பும், முற்றத்தைச் சுற்றிய வளவும், அறைகளும் வருஷம் முழுக்கப் பூட்டிக்கிடக்கும். கடைசியில் இருக்கும் சமையல்கட்டும் ஒட்டிய அறையும்தான் இவர்கள் புழங்குகிற இடம். காலை பத்து மணிக்குக் கருப்பி காரைக்குடியில் ஒரு ஓட்டலுக்குச் சமையல் வேலைக்குப் போனால் ஐந்து மணிக்குத்தான் திரும்புவாள். அதுவரைக்கும் அவ்வளவு பெரிய வீட்டில் பாண்டீஸ்வரி ஒருத்தி. வெயில் ஏறஏற உத்தரத்து மரம் நெட்டி முறிக்கும் சத்தம் கேட்கும். புறா இறக்கையடிக்கும். பூட்டிய அறைகளிலிருந்து பழைய தேக்கும் வௌவால் எச்சமும் கலந்த வாடை கதவிடுக்கு வழியாக வந்து சமையல்கட்டு வாசலில் நிற்கும்.

அவளுக்குத் துணை வயிற்றுக்குள் இருந்தவன்தான். குக்கர் விசில் அடித்தால் போதும், வலது விலாவில் சரியாய் ஒரு உதை விடுவான். "இந்தப் போடு போடுறானே, பயதேன்" என்று கருப்பி சிரிப்பாள். பாண்டீஸ்வரிக்கு அதற்காகவே தினமும் இரண்டு தடவை குக்கர் வைக்கத் தோன்றும்.

இரண்டாவது செவ்வாய்க்கிழமை அவள் புது அட்டையைத் தனியாய் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சந்துப் பக்கத்துக் கதவைத் திறந்தே போட்டிருந்தாள். நர்சம்மா அந்த வழியாக வரவில்லை. வீட்டுக்கு உள்ளேயிருந்து வந்தார். பூட்டிக்கிடந்த வளவுப் பக்கமிருந்து.

அம்மா முன்கதவைத் திறந்துவிட்டுப் போயிருப்பாள் போல என்று நினைத்தாள். நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"படு தாயி" என்றார் நர்சம்மா. பாயில் படுத்தாள். அவர் கை வயிற்றில் பட்டதும் உடம்பு சிலிர்த்தது. ஊரே வெந்துகொண்டிருக்கும் மத்தியானத்தில் கிணற்றடிக் கல் மாதிரி ஒரு கை. மழையே பெய்யாத ஊரில் நனைந்த மண்ணின் வாசனை. மிஷின் எதுவும் கொண்டுவரவில்லை. குனிந்து, வயிற்றின் இடது பக்கம் கீழே காதை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார்.

"அடிக்குது."

பாண்டீஸ்வரிக்குப் பொசுக்கென்று கண்ணில் நீர் வந்துவிட்டது. எழுந்து புது அட்டையை நீட்டினாள். நர்சம்மா அதை வாங்கிப் பாயில் வைத்தார். உறைக்குள் கையை விட்டுப் பழைய அட்டையை எடுத்தார்.

"அது மூத்ததோட அட்டை நர்சம்மா."

"தெரியும்."

"அது... அது இல்லையே இப்ப."

நர்சம்மா முப்பது என்று எழுதினார். துடிப்பு நன்று என்று எழுதினார். பிறகு அட்டையை அவள் கையில் கொடுத்து, "மீனு நல்லா இருக்கா" என்றார்.

அப்போதே அவள் கத்தியிருக்க வேண்டும். சந்துக்கு ஓடி நாலு பேரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அவள் அந்த அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருஷத்தில் அந்தப் பேரை இன்னொரு வாய் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும், நல்லா இருக்கா என்று. பயம் இருந்தது. பயத்தைவிட ஆசை பெரிதாய் இருந்தது. பெற்ற வயிறு, என்ன செய்யும்?

சாயங்காலம் கருப்பி வந்து, "நர்சு வந்தாகளா தாயி?" என்று கேட்டாள்.

"வந்தாக. நல்லாருக்குன்னு சொன்னாக."

ராத்திரி போனில் தேவாவிடமும் அதையே சொன்னாள். "அப்பாடா, இந்தத் தடவையாவது ஒழுங்கா பாக்குறாகளே" என்றான் அவன். பழைய அட்டையைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. வாராவாரம் நர்சு வந்து பார்க்கிறார்கள் என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாய் இருந்தார்கள். அதனால் வேறு யாரையும் போய்ப் பார்க்கச் சொல்லி அவளை யாரும் விரட்டவில்லை.

முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.

முப்பத்திரண்டாவது வாரத்துச் செவ்வாயன்று அவள் காலையிலிருந்து சாப்பிடவில்லை. மூத்தது நின்றுபோன வாரம். மூன்று மணிக்கு முகப்பிலிருந்து காலடிச் சத்தம் கிளம்பியது. முதல் வளவைக் கடந்தது. நடை வழியாக வந்தது. இரண்டாம் வளவு. சமையல்கட்டுக் கதவு. முன்கதவுச் சாவி அம்மா இடுப்பில்தான் இருக்கிறது என்பது இப்போது அவளுக்குத் தெரியும், கேட்டுப் பார்த்துவிட்டாள். தெரிந்தும் பாயை விரித்து வைத்திருந்தாள்.

குளிர்ந்த காது வயிற்றில் இறங்கியது. பாண்டீஸ்வரி மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"அடிக்குது. தாண்டிட்டா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வயிற்றின் இடது பக்கம், கீழே, என்னவோ மெதுவாய்ப் புரண்டது. உதை இல்லை. தூக்கத்தில் புரள்வது போல ஒரு அசைவு. அந்த இடம் மட்டும் சில்லென்று இருந்தது. என் மகள் என்று நினைத்தாள். அன்றைக்கு முழுதும் அவள் அந்தப் பக்கத்திலேயே கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் கழித்துச் சோறு வைத்தபோது குக்கர் விசில் அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அடுப்பை அணைத்துவிட்டுக் குழம்புக்குப் புளி கரைக்க உட்கார்ந்தவளுக்கு, கை புளித்தண்ணீருக்குள் இருக்கும்போதுதான் உறைத்தது.

வலது விலாவில் ஒன்றுமில்லை.

எழுந்து வெறும் தண்ணீரை ஊற்றி மறுபடி குக்கர் வைத்தாள். விசில் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "டேய்... தம்பி... உதைடா" என்றாள். நாலாவது விசிலுக்கு, எங்கோ தூரத்திலிருந்து கதவைத் தட்டுவது போல, ஒரு சின்னத் தட்டல். அவ்வளவுதான். அவள் அப்படியே அடுப்படியில் சரிந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் புது அட்டையை எடுத்துப் பார்த்தாள். இரண்டு வாரத்துக்கு மேலாய் அதை அவள் திறக்கவேயில்லை. இருபத்தெட்டுக்குக் கீழே எல்லாம் வெள்ளை. அப்படியே அந்தப் பழைய அட்டை இருந்த மாதிரி.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் படுக்கவில்லை. புது அட்டையை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"இவனையும் பாருங்க நர்சம்மா. ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்."

நர்சம்மா அட்டையைத் தொடவில்லை.

"இது என் லிஸ்ட்ல இல்ல. இதை வேற ஆளு பாப்பாக."

"யாரு? யாரு பாப்பாக? யாருமே வரலையே!"

நர்சம்மா குனிந்து பழைய அட்டையில் எழுதினார். எழுதுகிற விரல்களை அவள் அன்றைக்குத்தான் கவனித்துப் பார்த்தாள். பத்து நகக்கண்ணிலும் செம்மண்.

அன்று சாயங்காலம் புகுந்த வீட்டுப் பக்கத்து நர்சுக்குப் போன் போட்டாள். "அய்யய்யோ, அங்குட்டு இருந்தவுக மாறிப் போயிட்டாகளாமே. புதுசா வந்தவுகளுக்குத் தகவல் போயிருக்கும்னு நெனச்சேன். நீ சுகாதார நிலையத்துக்கே நேரா போயிரு. செவ்வாய்க்கிழமைதேன் மாசமா இருக்கவுகளப் பாப்பாக" என்றார் அவர். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. மறுநாளே போனாள். நர்சுகள் ஊர் ஊராய்த் தடுப்பூசிக்குப் போய்விட்டார்கள், டாக்டர் மீட்டிங்கில் இருக்கிறார் என்று திருப்பி அனுப்பினார்கள். தேவா லோடு ஏற்றிக்கொண்டு கேரளா போயிருந்தான். கருப்பியிடம் உள்ளதைச் சொல்ல வாயெடுத்தாள். எதைச் சொல்வது? செத்த பிள்ளைக்கு அட்டை எழுத ஒருத்தி வருகிறாள், நான் நாலு வாரம் பாய் விரித்துப் போட்டேன் என்றா?

"அசைவு கொறஞ்ச மாதிரி இருக்கும்மா" என்று மட்டும் சொன்னாள்.

கருப்பி வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். இடது பக்கம் புரண்டது. "இந்தா அசையுதே. நீயா எதையாச்சும் நெனச்சு மருகாத" என்றாள்.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனாள். சுகாதார நிலையத்தில் நாற்பது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். நாகவல்லி என்று பெயர் குத்தியிருந்த நர்சு ஒருவர் வியர்த்து வழிந்துகொண்டு வேலை பார்த்தார். உயிருள்ள வியர்வை. அதைப் பார்த்ததும் பாண்டீஸ்வரிக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

"ஒங்க பேரு எங்ககிட்ட ஏறவே இல்லையேம்மா. இத்தன வாரமா யாருமே பாக்கலையா? அட்டையக் குடுங்க." அவராகவே உறைக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். முகம் தெளிந்தது. "அதேன் வாராவாரம் பாத்திருக்காகளே! நான் ஒரு நிமிசம் பதறிட்டேன். யாரு பாத்தது?"

"ஒரு நர்சம்மா. வீட்டுக்கு வருவாக. செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்க்கிழமையா?" நாகவல்லி சிரித்தார். "செவ்வாய்க்கிழமை நாங்க அத்தன பேரும் இங்கதேன் இருப்போம். ஒரு நர்சுகூட வீடு வீடா போக மாட்டாக. நாளக் கொழப்பிக்கிட்டீக. சரி, படுங்க."

வயிற்றில் ஜெல்லைத் தடவி மிஷினை வைத்தார். வலது விலாவுக்குக் கீழே. மணல் கொட்டுவது போல இரைச்சல். நகர்த்தினார். இரைச்சல். பாண்டீஸ்வரி கட்டில் விளிம்பைப் பிடித்தாள். முருகா. முருகா. மிஷின் மெல்ல இடது பக்கம் இறங்கியது.

டக் டக் டக் டக்.

"இந்தா, கேளுங்க. கணீர்னு அடிக்குது."

"அங்குட்டு இல்ல நர்சம்மா. இங்குட்டு பாருங்க. வலது பக்கம். அவன் இங்குட்டுதேன் இருப்பான்."

"பிள்ள திரும்பியிருக்கும்மா."

"இல்ல. இது அவ, செத்துப்போன மூத்தவ. அவன் வேற. தயவுசெஞ்சு பாருங்க..."

"ஒரு பிள்ளைக்கு ஒரு துடிப்புதேன் தாயி இருக்கும்." நாகவல்லி அவள் தலையைத் தடவிவிட்டார். நல்ல மனுஷி. கை சூடாய் இருந்தது. "முதப் பிள்ளைய எழந்தவுக நீங்க. பயம் வரத்தேன் செய்யும். இது நல்லா இருக்கு." வரிசையில் காத்திருந்தவர்களைப் பார்த்துக்கொண்டே அட்டையைத் திருப்பினார். பழைய அட்டை. நிறைந்து வந்த வரிகளுக்குக் கீழே, தன் கையால், தன் பேனாவால், முப்பத்துநான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

புது அட்டை உறைக்குள்ளேயே கிடந்தது. ஸ்கேனிலும் ஒரே பிள்ளை என்றுதான் வந்தது. நன்றாய் இருப்பதாகவே எழுதிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வீட்டில் எத்தனை குக்கர் விசில் அடித்தும் வலது விலாவில் யாரும் உதைக்கவில்லை.

நாள் தவறாமல் பிறந்தது. அதுவும் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. பொம்பளைப் பிள்ளை. இரண்டு கிலோ தொள்ளாயிரம். தேவா வராண்டாவில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி விம்மி அழுதான். கருப்பி கற்கண்டு வாங்கி வார்டு முழுக்கக் கொடுத்தாள். "பாத்தியா, பய, பயன்னு சொன்னேன், மகாலட்சுமி வந்துட்டா" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பிள்ளையைப் பக்கத்தில் கிடத்தினார்கள். பாண்டீஸ்வரி துணியை விலக்கி இடது காதைப் பார்த்தாள். மடலில் அரிசி நுனியளவு பிளவு.

மீனு. இரண்டு வருஷம் ஏங்கிய மகள். மார்பில் வைத்தாள். பசியோடு குடித்தது. வாய் மட்டும் சில்லென்று இருந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அது உண்மை. அதே நெஞ்சில் இன்னொன்று அறுத்துக்கொண்டிருந்தது. அவனுக்கு அழ இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள். அழுதால் ஆனந்தக் கண்ணீர் என்பார்கள். அப்படியேதான் சொன்னார்கள்.

மூன்று மணிக்குத் தேவா மருந்து வாங்கப் போனான். கருப்பி துணி அலசப் போனாள். வார்டில் வெயில். மின்விசிறிச் சத்தம்.

நனைந்த மண் வாசனை.

வெளுத்த நீலச் சேலை கட்டில்களுக்கு நடுவே நடந்து வந்தது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நர்சம்மா கட்டிலருகே நின்றார். பிள்ளையைப் பார்க்கவில்லை. தலைமாட்டிலிருந்த உறையை எடுத்தார். உள்ளே கையை விட்டார். புது அட்டையை வெளியே எடுத்தார்.

"யாரும் பாக்கல" என்றார். "இப்ப இது என் லிஸ்ட்ல வந்துருச்சு."

இருபத்தெட்டுக்குக் கீழே பேனா ஓடியது. இருபத்தொன்பது.

பிறகு குனிந்தார். பிள்ளை இறங்கிவிட்ட, துணியால் இறுக்கிக் கட்டியிருந்த, வெறும் வயிற்றின் மேல் குளிர்ந்த காது வந்து படிந்தது. வலது பக்கம்.

கீழே டீக்கடையில் குக்கர் விசில் அடித்தது.

வலது விலாவில் ஓர் உதை.

"அடிக்குது" என்றார் நர்சம்மா.